மகன் மறைத்த தந்தை

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2018-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படத்தைச் சாதியக் கொடுமையைச் சொன்ன படம் என்றே பேசி வருகிறோம், அது சரியே. இயக்குநர் மாரி செல்வராஜ் நம் மண்ணின் முகங்கள் பலவற்றையும் கொண்டு எடுத்த அந்தப் படத்தில், ஒருவருடைய உடலையும் நடையையும் பார்த்து அவருக்கு மதிப்பளிக்கும் நம் வழக்கத்தைக் குறித்த கேள்வியும் இருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சட்டக்கல்லூரியில் படிக்கும் பரியன், தந்தையை அழைத்து வரச் சொன்னதும், வேறொருவரைத் தந்தையாக நடிக்க வைத்து அழைத்துச் செல்கிறான். திரையரங்கில் எல்லோரும் சிரித்துப் பார்த்த காட்சி அது. பின்னர் பெற்ற தந்தையே கல்லூரிக்கு வரும்போதுதான், நாம் எதைக் கண்டு சிரித்தோம் என்பது உறைக்கிறது. அவர் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுகிற கலைஞர். அந்த ஆட்டத்தின் நளினம் அவருடைய நடையிலும் பேச்சிலும் படிந்துவிட்டது. மாணவர் சிலர் அவருடைய வேட்டியை உருவி, சாலையில் ஓட ஓட விரட்டுகிறார்கள். சாதியின் பெயரால் இழிவுபடுத்த நினைப்பவர்களுக்கு அவருடைய உடல்மொழி கூடுதலாக ஓர் ஆயுதமாகிவிடுகிறது.

நம் மாவட்டத்துக்கு இது அயலான செய்தியன்று. சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் கணியான் கூத்து நடக்கும்போது, மகுடம் என்னும் தோற்கருவியைத் தீயில் காட்டிச் சூடேற்றி அடிக்க, தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, சேலை கட்டிச் சலங்கை அணிந்த ஆண்கள் அவர் முன்னே வருவதும் பின்வாங்குவதுமாக ஆடுவார்கள். ஊரே விடிய விடிய விழித்திருந்து பார்க்கும். அந்த ஆட்டம் இல்லாமல் கொடை நிறைவு பெறாது என்று நம்புகிற ஊர்களில்கூட, மறுநாள் தேநீர்க் கடையில் அதே கலைஞரின் நடையைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மீசையும் மடித்துக் கட்டிய வேட்டியுமே ஆண்மைக்கு அடையாளம் என்று நம் திரைப்படங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

தாழ்வு மனப்பான்மை கொண்ட நாயகன் முடியைத் திருத்தி, உடையை மாற்றி, ஒரு பாடல் முடிவதற்குள் தன்னம்பிக்கை பெற்றுவிடுவதைப் பல படங்களில் பார்த்திருக்கிறோம். பரியனுக்கு அப்படிப்பட்ட மாற்றம் எதுவும் நேர்வதில்லை. தோற்றத்தில் அவன் கடைசி வரை அதே பையன்தான். யாரைக் காட்டினால் தன் மதிப்புக் குறையும் என்று அஞ்சினானோ, அந்த மனிதர் பட்ட அவமானத்தை நேரில் கண்டு துடித்த பிறகு, மறைப்பதற்கு அவனிடம் எதுவும் மிஞ்சவில்லை. இறுதியில், உடன் படிக்கும் ஆதிக்கச் சாதிப் பெண்ணான ஜோவின் தந்தையிடம், நீங்கள் மாறாதவரை இங்கே எதுவும் மாறாது என்ற பொருளில் அவன் நிதானமாகப் பேசுவதற்கான துணிவு அங்கிருந்தே பிறக்கிறது என்று நான் கருதுகிறேன்.

தந்தையாக நடித்த தங்கராஜ், நெல்லைப் பகுதியில் உண்மையாகவே பெண் வேடமிட்டு ஆடி வந்த நாட்டுப்புறக் கலைஞர். அந்த உடல்மொழி ஒப்பனையாளர் தந்ததன்று, அவருடைய வாழ்நாள் உழைப்பு தந்தது. தொழில்முறை நடிகர் ஒருவர் அந்த நளினத்தைச் சற்றே மிகைப்படுத்தியிருந்தாலும் காட்சி கேலியாகச் சரிந்திருக்கும். 2023-இல் அவர் மறைந்தபோது பலர் அவரைப் ‘பரியனின் அப்பா’ என்றே குறிப்பிட்டார்கள். அன்பினால் சொன்னதுதான். என்றாலும், ஒரு படத்துக்கு முன்பே இரவிரவாக ஆடித் தேர்ந்த கலைஞரை அவருடைய ஆட்டத்துக்காகவும் நாம் நினைத்திருக்க வேண்டும்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. தந்தைக்கும் மகனுக்கும் இத்தனை நுட்பமாக அடையாளம் தந்த கதை, ஜோவைக் கள்ளமற்ற, அழகான பெண்ணாக மட்டுமே நிறுத்திவிட்டது. தன் குடும்பத்தாரால் பரியனுக்கு நேர்ந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று கேட்கும் வாய்ப்பையும் படம் அவளுக்குத் தரவில்லை.

நன்றி. வணக்கம்.