கண்ணை மூடிக்கொண்டு ஆள் எடுக்கலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தலைமைப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது பயோடேட்டாவோடு நிற்பதா, அதைத் தாண்டி உள்மனசையும் கேட்பதா? கேட்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. எதிரணி நண்பர் ஒரு குத்து விட்டார்: "இவர்களை விட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆள் எடுப்பார்கள்!" நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, கண்ணை மூடித்தான் எடுத்திருக்கிறார்கள்! 1955. இஸ்ரேல் ராணுவம். சிப்பாய்களுக்கான நேர்காணலைச் சீர்படுத்தும் வேலை 21 வயது லெப்டினன்ட் ஒருவரிடம் வருகிறது. பெயர் டேனியல் கானமன். 2002-ல் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவரேதான். ஆறு குணங்களை எடுத்தார். ஒன்றுக்கு மார்க் போட்ட பிறகுதான் அடுத்தது. சொந்த அபிப்பிராயம் கூடாது. நேர்காணல் செய்கிறவர்களுக்கு வந்ததே கோபம்! "எங்களை ரோபோ ஆக்கப் பார்க்கிறீர்களா?" மனுஷன் இறங்கி வந்தார். "ஆறு மார்க்கையும் போட்டு முடியுங்கள். அப்புறம் கண்ணை மூடுங்கள். அந்தப் பையனைச் சிப்பாயாக நினைத்துப் பாருங்கள். ஒரு மார்க் போடுங்கள்."

பிறகு அந்தப் பையன்கள் ராணுவத்தில் எப்படி வேலை செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஆறு மார்க்கின் கூட்டுத்தொகை எவ்வளவு சரியோ, அந்த ஒற்றை மார்க்கும் அவ்வளவு சரி! நண்பரே, திரும்பச் சொல்லட்டுமா? கண்ணை… மூடிக்கொண்டு… போட்ட மார்க்! சுமார் 45 வருஷம் கழித்து கானமன் தன் பழைய ராணுவ முகாமுக்குப் போகிறார். அங்கிருந்த அதிகாரி நேர்காணல் முறையை விளக்கிவிட்டு, "கடைசியில் கண்ணை மூடச் சொல்வோம்" என்கிறார். யாரிடம்? சொல்லிக்கொடுத்தவரிடமே!

"முதலில் மார்க் போட்டார்களே" என்று நண்பர் குறிப்பு எழுதுவது தெரிகிறது. எழுதுங்கள், எங்கள் கட்சியும் அதுதான். ஐந்தாவது நிமிஷத்தில் "இவர்தான்" என்று தோன்றினால் அது உள்ளுணர்வு இல்லை, நம்மைப் போலவே பேசுகிறாரே என்கிற மயக்கம். தேர்வுக் குழுவில் எல்லோரும் வாய் திறக்கும் முன்பே தனித்தனியாக மார்க்கை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் பெரியவர் முகத்தைப் பார்த்து மார்க் மாறும். பதவி கேட்டு வந்தவருக்குக் கீழே முன்பு வேலை பார்த்தவரைக் கூப்பிட்டு, "மறுபடி இவரிடம் வேலைக்குப் போவீர்களா?" என்று கேளுங்கள். பதிலைவிட, அது வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள்.

பயோடேட்டாவா? ஆப்பிள் கடைகளை வளர்த்த ரான் ஜான்சனை, 2011-ல் ஜேசி பென்னி என்கிற அமெரிக்கக் கடைத் தொடர் நிறுவனம் தன் தலைவராக்கியது. பொன்னால் எழுதிய பயோடேட்டா! கூப்பனையும் தள்ளுபடியையும் ஒழித்தார். 2012-ல் விற்பனை கால்பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் வெளியே.

அதை விடுங்கள். ஒருவனுடைய அப்பா ஐசியூவில் கிடக்கிறார். விடிந்தால் வேலையை ஒப்படைக்க வேண்டும். மேலதிகாரி சொல்கிறார்: "நீ கிளம்புப்பா, நான் பார்த்துக்கிறேன்." ராத்திரி முழுக்க அவரே உட்கார்ந்து முடிக்கிறார். இது பயோடேட்டாவில் எந்த வரியில் வரும்? அப்படி ஒருத்தரிடம் வேலை பார்த்தவர்கள் கை தூக்குங்கள்… நண்பரே, எண்ணிக்கொள்ளுங்கள். நடுவர் ஐயா, உங்கள் கையும் தூக்கின மாதிரி இருந்ததே? ஓ, மணி அடிக்கவா! சரி, வணக்கம்.