சாயம் காட்டும் எல்லைக்கோடு

அனைவருக்கும் வணக்கம்.

மூளையை வெளியிலிருந்து பார்த்தால் மடிப்புகளும் பள்ளங்களும்தான் தெரியும். பார்வைக்கான பகுதி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கு மேலே எந்த அடையாளமும் இல்லை. வெட்டிப் பார்க்க வேண்டும். 1776இல் இத்தாலியின் பார்மா நகரில் மருத்துவ மாணவராக இருந்த பிரான்செஸ்கோ ஜென்னாரி, உறையவைத்த மூளையை அறுத்தார். பின்பகுதியில், மூளையின் வெளிப்படலமான சாம்பல் நிறப் புறணிக்குள் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைக் கண்டார். சாயமும் இல்லை, நுண்ணோக்கியும் இல்லை, வெறும் கண்தான்.

அந்தக் கோடு இருக்கும் இடத்தைத்தான், அதாவது பார்வைக்கான பகுதியைத்தான், இன்று புரோட்மான் வரைபடத்தின் எண்ணால் 17ஆம் பகுதி என்கிறோம். அதையே நிஸ்ஸில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். இந்தச் சாயம் செல்களின் உடலை மட்டும் ஊதாவாக்கும், அவற்றிலிருந்து நீளும் இழைகளைத் தொடாது. புறணியின் ஆறு அடுக்குகளில், மற்ற இடங்களில் ஒன்றாக இருக்கும் நான்காம் அடுக்கு இங்கே மூன்றாகப் பிரிந்திருக்கும். நடுவில் வெளிறிய பட்டை. அதற்குக் கீழே சின்னச் சின்னச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஸ்லைடை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் அந்த வெளிறிய பட்டை சட்டென்று நின்று, அடுக்கு மறுபடி ஒன்றாகிவிடும். அங்கே 18ஆம் பகுதி தொடங்கிவிட்டது.

சரி, இது சாயத்தின் விளையாட்டாக இருக்கலாமே? அடுத்த சீவலை எடுத்து, இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையான மயலினுக்குரிய சாயம் போடுங்கள். முன்பு வெளிறிக் கிடந்த அதே பட்டை இப்போது கருப்பாகத் தெரியும். அங்கே செல்கள் குறைவு, இழைகள் அதிகம். ஜென்னாரி பார்த்ததும் இதைத்தான்; சாயம் இல்லாதபோது மயலின் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கருப்பும் அதே இடத்தில்தான் முடிகிறது! செல்லைக் காட்டும் சாயமும் இழையைக் காட்டும் சாயமும் ஒரே இடத்தைச் சொல்கின்றன. எல்லை என்று நான் நம்புவது இப்படிப்பட்டதைத்தான்.

மூளையின் மேற்பரப்பில் குறுக்கே ஓடும் நடுப்பள்ளத்திலும் இப்படித்தான். முன்சுவரில், உடல் அசைவுக்கான இயக்கப் பகுதியில், புறணி தடிமனாக இருக்கும். 1874இல் பெட்ஸ் என்ற உடற்கூறியலாளர் விவரித்த ராட்சதச் செல்கள் அங்கே உண்டு, நான்காம் அடுக்கு இருப்பதே தெரியாது. பின்சுவரில், தொடுவுணர்வுக்கான பகுதியில், புறணி மெலிந்து, அதே நான்காம் அடுக்கு அடர்ந்து நிற்கும்.

எல்லா எல்லையும் இவ்வளவு தெளிவாக இருக்காது. 17, 18 என்ற எண்களைத் தந்த ஜெர்மானிய ஆய்வாளர் புரோட்மான் 1909இல் வெளியிட்ட வரைபடத்தில் எண்கள் 52 வரை போகின்றன. 1951இல் பெய்லி, வான் போனின் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பிரிவினைகளில் பலவற்றை ஏற்க மறுத்தார்கள். ஒரே சாயத்தை வைத்து, கண்மதிப்பாக வரைந்த கோடுகளுக்கு அந்த மறுப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். அப்புறம்தான் ஜெர்மனியில் ஸில்ஸ், அமுன்ட்ஸ் முதலியோர் செல் அடர்த்தியைக் கணினியால் அளந்து கோடு போடத் தொடங்கினார்கள். அளந்தபோது இன்னொன்றும் உறுதியானது: 17ஆம் பகுதியின் பரப்பு ஆளுக்கு ஆள் இரண்டு மடங்குக்கு மேல்கூட மாறும். அதனால் அவர்கள் பத்து மூளைகளைத் தனித்தனியாக அளந்து, ஓர் இடம் 17ஆம் பகுதியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையே வரைபடத்தில் குறித்தார்கள்.