மானியம் மோட்டாருக்கு, சத்து யாருக்கு?

(திரையில்: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம். கிணற்று மோட்டார் ஓடுகிறது.)

வேலூர்ல ஒரு ரேஷன் கடை. அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. இந்த அரிசி எத்தனை வீட்டுப் பசியை ஆற்றியிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.

(திரையில்: பாலாற்று மணல்)

சரி, விவசாய மானியம் எங்கே போகிறது? பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள். எந்தப் பயிருக்கும் பொதுதானே என்று தோன்றும். ஆனால் அதிகம் தண்ணீர் இறைத்து, அதிகம் உரம் போடுகிறவருக்குத்தான் அதிக மானியம். அதாவது நெல்லுக்கும் கரும்புக்கும். மானாவாரியில் கேழ்வரகும் கொள்ளும் போட்டவருக்கு மோட்டாரே ஓடாதே, இலவச மின்சாரத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

(திரையில்: இரண்டு விலைகள் பக்கத்தில் பக்கத்தில்)

அப்புறம் விலை. 2025-26ல் மத்திய அரசின் ஆதரவு விலை, குவிண்டாலுக்கு சாதா ரக நெல் 2,369 ரூபாய், கேழ்வரகு 4,886. காகிதத்தில் கேழ்வரகுக்கு இரண்டு மடங்கு! ஆனால் நெல்லை வாங்க டிபிசி, அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம், இருக்கிறது. அங்கே சாக்குக்கும் எடைக்கும் காத்துக் கிடப்பது தனிக் கதை. எப்படியும் பணம் கணக்கில் விழுந்துவிடும். கேழ்வரகுக்கு அந்த அளவு ஏற்பாடு கிடையாது, வியாபாரி சொன்னதுதான் விலை. கத்திரிக்காய், கீரைக்கு ஆதரவு விலையே இல்லை. நம்ம வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

எண்ணெயையும் பாருங்கள். வேலூர் அடங்கிய பழைய வடார்க்காடு, வேர்க்கடலைச் சீமை. ரேஷனில் வருவதோ பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து இறக்குமதியாகும் பாமாயில். கடலை எண்ணெய் விலை அதிகம், முழுக்க மாற்றினால் அரசுக்குச் செலவு எகிறும். அது உண்மைதான்.

கேழ்வரகில் அவ்வளவு இடிக்காது. நெல்லை அரிசியாக்கினால் நெல் விலை மட்டுமே கிலோவுக்கு 35 ரூபாய் ஆகிவிடும், அரவைக் கூலி தனி. கேழ்வரகு 49. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். தீட்டிய அரிசியில் 10 வந்தாலே பெரிசு.

2023ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் அரிசிக்குப் பதில் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். வேலூருக்கும் அதைக் கொடுங்கள். கூடவே, அறுவடை நேரத்தில் ஒடுகத்தூர் பக்கம் கேழ்வரகு வாங்க ஒரு கொள்முதல் நிலையத்தையும் திறங்கள். அது இல்லாமல் வெளியூர் மூட்டையை இறக்கினால், இங்கே கரும்பு போடுகிறவர் கரும்பேதான் போடுவார்.