2003 கொரொல்லாவா, 2013 அக்குவாவா? மட்டக்களப்புக்கு எது சரி?

[காட்சி: இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில், பின்னால் கல்லடிப் பாலம்]

வணக்கம். இடப்பக்கம் நிற்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா, எல்லோரும் 121 என்று சொல்கிற கார். வலப்பக்கம் 2013 டொயோட்டா அக்குவா ஹைபிரிட், பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார். பத்து வயது வித்தியாசம். இளையதுதானே நல்லது என்று உடனே அக்குவா பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

[காட்சி: இரண்டு பொனெற்றும் திறந்தபடி]

இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து 1.5 லீற்றர் என்ஜின். கொரொல்லாவில் அது ஏறக்குறைய 110 குதிரைவலு கொடுத்து, நான்கு கியர் ஓட்டோ பெட்டி வழியாக முன் சில்லுகளைச் சுழற்றுகிறது. அக்குவாவில் வால்வு பிந்தி மூடும்படி மாற்றியிருக்கிறார்கள். பெற்றோல் மிச்சம், ஆனால் வலு 74தான். அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது.

பிறேக் பிடிக்கும்போது கொரொல்லாவில் வெறும் சூடாகப் போகிற சக்தியில் ஒரு பகுதி, அக்குவாவில் பற்றரிக்குத் திரும்பி வரும். அதனால் ரவுணுக்குள் நின்று நின்று ஓடுகிறவருக்கு அக்குவா லாபம். பொலன்னறுவை ரோட்டில் ஒரே சீராகப் போனால் அந்த லாபம் சுருங்கிவிடும். 2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்தவர்களுக்கு அதுவும் பெரிசுதான்!

[காட்சி: அக்குவாவின் பின் சீற், அருகில்]

சரி, இனி முக்கியமான இடம். 144 வோல்ற் பற்றரி இந்தச் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. சீற்றின் ஓரத்தில் வலை போட்ட சின்னத் துவாரம் தெரிகிறதா? காருக்குள் இருக்கும் குளிர்காற்றை இதன் வழியாக ஒரு விசிறி இழுத்துப் பற்றரியை ஆற்றுகிறது. போன் லைற்றை அடித்துப் பாருங்கள். தலைமயிர், நூல், அறுவடைக்காலத் தூசி எல்லாம் கம்பளிபோல் படிந்திருந்தால், அந்தப் பற்றரி வருடக்கணக்காக வெந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டும்போது டாஷ்போர்டில் தெரிகிற பற்றரிக் கோடுகள் மளமளவென்று ஏறி இறங்கினாலும் சந்தேகப்படுங்கள். கராஜில் கருவி மாட்டிப் பற்றரியை ஸ்கேன் பண்ணாமல் வாங்கவே கூடாது. பற்றரிக்குள் செத்த துண்டை மட்டும் மாற்றி, சில மாதம் ஓடவைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பற்றரி முற்றாகப் போனால் என்ஜினும் ஸ்டார்ட் ஆகாது. அதற்கென்று தனி ஸ்டாட்டர் கிடையாது. மார்கழி வெள்ளத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய்வருகிறவர்கள், தண்ணீர் காருக்குள்ளே வந்தால் சீற்றுக்குக் கீழே இருக்கும் அந்தப் பற்றரியை எவ்வளவு சீக்கிரம் எட்டும் என்று யோசியுங்கள்.

[காட்சி: கொரொல்லாவின் அடிப்பக்கம்]

கொரொல்லாவுக்கு எதிரி உப்புக்காற்று. கடற்கரைப் பக்கம் நின்ற காரென்றால் அடித்தகடு, கதவின் கீழ்விளிம்பு, டிக்கித் தரை மூன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். புஷ், ஷொக், ரேடியேற்றர் என்று அது சில்லறையாகக் காசு கேட்கும். அக்குவா மொத்தமாகக் கேட்கும்.

என் கணக்கு இதுதான்: தினமும் ரவுணுக்குள் ஓட்டம், கையில் பற்றரிக்கென்று ஒதுக்கிய பணம் என்றால் அக்குவா. வயல், வெள்ளம், கிராமத்துக் கராஜ் என்றால் துருப்பிடிக்காத 121. 2020இல் இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களுக்கும் விலை ஏறிவிட்டது. 2025இல் திறந்த பிறகும் மலிவு என்று சொல்ல முடியாது. அதனால் எதை எடுத்தாலும் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் வரும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.