போலீஸ் கேஸ் இருந்தால் ஃபாஃப்சா போடலாமா?

வணக்கம். என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர்கள் தலைப்பு எதுவும் தரவில்லை. நேயர் ஒருவர் அனுப்பியிருந்த மூன்று வரியை அப்படியே எனக்கு அனுப்பி, இதற்குப் பதில் சொன்னால் போதும் என்றார்கள். முதல் இரண்டு வரி இது: "பையனைக் கஞ்சாவோடு போலீஸ் பிடித்துவிட்டது. இந்த வருஷம் ஃபாஃப்சா போடலாமா, வேண்டாமா?" ஃபாஃப்சா என்பது அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசின் பண உதவி கேட்டுப் போடும் விண்ணப்பப் படிவம். பெயர் இல்லை, எந்த மாநிலம் என்றுகூட இல்லை. மூன்றாவது வரியைக் கடைசியில் படிக்கிறேன்.

போடலாம். போடுங்கள். இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து போட்டாலும் சரி. போலீஸ் பிடித்ததைப் பற்றி அந்தப் படிவம் எதுவும் கேட்பதில்லை. வெறும் கைதைப் பற்றி அது எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. முன்பு கேட்டதெல்லாம் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பான போதைப்பொருள் வழக்கைப் பற்றித்தான். இப்போது அதையும் கேட்பதில்லை.

இதோடு நான் எழுந்து போய்விடலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் போக, இந்தப் பதிலை மட்டும் கேட்டுவிட்டு ரேடியோவை அணைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஃபாஃப்சாவுக்கு ஒன்றும் ஆகாது என்றதும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த வாரம் கோர்ட்டில் நீட்டுகிற காகிதத்தில் "சீக்கிரம் முடிந்தால் சரி" என்று பையனைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். நான் பேச வந்தது அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான்.

முதலில் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. 1998இல் அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தியானா மாநிலத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர் மார்க் சௌடர் அதில் ஒரு பிரிவைச் சேர்த்தார். போதைப்பொருள் வைத்திருந்ததாக முதல் தடவை தீர்ப்பானால் ஒரு வருஷம் கல்வி உதவி கிடையாது, இரண்டாவது தடவை இரண்டு வருஷம், மூன்றாவது தடவை காலவரையின்றி. விற்றதாகத் தீர்ப்பானால் முதல் தடவையே இரண்டு வருஷம், அடுத்தது காலவரையின்றி. அங்கீகரித்த மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்து, முன்னறிவிப்பு இல்லாத இரண்டு சோதனைகளில் தேறினால் முன்கூட்டியே திரும்பப் பெறலாம் என்று ஒரு வழியும் வைத்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கு யார் பணம் கட்டுவது? கல்லூரிக்கே உதவி கேட்டு வரிசையில் நிற்கிற பிள்ளை அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொள்ளையடித்தாயா, ஆளை வெட்டினாயா என்று படிவம் கேட்கவில்லை. போதைப்பொருள் மட்டும்தான் அதன் கண்ணில் பட்டது. பணக்கார வீட்டுப் பையன் அதே பொட்டலத்தோடு பிடிபட்டால் அவனுக்கு இழக்க உதவியே இல்லை, அப்பா செக் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆக அந்தச் சட்டம் யாரைத் தண்டித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. முதல் வருஷம் ஏராளமானவர்கள் அந்தக் கேள்விக்குப் பதிலே எழுதாமல் விட்டார்கள். கிளிண்டன் நிர்வாகம் அவர்களுக்கும் உதவியைக் கொடுத்தது. அடுத்து வந்த புஷ் நிர்வாகம், பதில் எழுதாதவர்களுக்கு உதவி கிடையாது என்று இறுக்கியது. பழைய தீர்ப்புகளையெல்லாம் தோண்டுவது தன் நோக்கமில்லை, உதவி வாங்கிக்கொண்டிருக்கும்போது செய்த குற்றத்துக்குத்தான் என்று சௌடரே சொல்லிக்கொண்டிருந்தார். 2006இல் சட்டம் அப்படியே மாறியது. இருந்தாலும் கேள்வி படிவத்தில் உட்கார்ந்தே இருந்தது. அதைப் பார்த்த பிள்ளைகள், தன் வழக்கு கணக்கில் வருமா வராதா என்று யோசிக்காமலேயே படிவத்தை மூடிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான பெரிய செலவினச் சட்டத்துக்குள் ஃபாஃப்சாவை எளிமையாக்கும் பகுதியும் வந்தது, அதில் இந்தத் தடை போயிற்று. 2021-22 கல்வியாண்டிலேயே, ஆமாம் என்று பதில் எழுதினாலும் உதவி நிற்காது என்று கல்வித் துறை அறிவித்துவிட்டது. 2023-24 படிவத்தில் கேள்வியே காணாமல் போய்விட்டது. ஆனால் வாய்வழிச் செய்திக்கு இது இன்னும் எட்டவில்லை. "போதை கேஸ் என்றால் ஃபாஃப்சா அவ்வளவுதான்" என்று இன்றைக்கும் கல்யாண வீட்டில் ஒரு மாமா அடித்துச் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்டின் உச்ச வரம்பு 2025-26க்கு 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாத பணம். மாமாவின் பேச்சைக் கேட்டு அதை விட்டுவிடாதீர்கள். பெல் கிராண்ட் கிடைக்காத வருமானம் என்றாலும் மத்திய அரசுக் கடனுக்கும், பல மாநில, கல்லூரி உதவிகளுக்கும் இந்தப் படிவம்தான் வாசல்.

சரி, ஃபாஃப்சா பிழைத்தது. அப்படியென்றால் பணம் எங்கே போகும்?

பெரும்பாலும் கோர்ட்டுக்கு முன்னாலேயே, கல்லூரியில். தீர்ப்பு வரும்வரை கல்லூரி காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதற்குத் தனி ஒழுங்கு விசாரணை உண்டு. மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமாக இருந்தாலும், மத்திய அரசுப் பணம் வாங்கும் கல்லூரிக்குள் அதற்கு இடமில்லை, அதுவுமில்லாமல் மருத்துவ அனுமதி இல்லாத 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எந்த மாநிலத்திலும் அது கடையில் வாங்கும் பொருளும் இல்லை. இப்போது ஒரு கணக்கு. செமஸ்டர் 15 வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது வாரம் முடிந்ததும் பையனை இடைநீக்கம் செய்கிறார்கள், அல்லது முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு அவனே போவதை நிறுத்திவிடுகிறான். அவன் படித்தது செமஸ்டரில் 40 சதவீதம். 3,000 டாலர் மத்திய உதவி வந்திருந்தால் அதில் 1,200 டாலர்தான் அவனுக்குச் சேரும் என்பது விதி, மீதி 1,800 திரும்பிப் போகும். அதைத் திருப்பி அனுப்பிய கல்லூரி, ஃபீஸில் விழுந்த பள்ளத்துக்குப் பில்லை வீட்டுக்கு அனுப்பும். அந்த பாக்கி நின்றால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்வதிலேயே சிக்கல் வரலாம். 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டானென்றால், அதாவது இந்தக் கணக்கில் ஒன்பதாவது வாரத்துக்கு மேல், முழுப் பணமும் அவனுடையது. ஆகவே பையன் தானாக வகுப்புக்குப் போவதை நிறுத்தக் கூடாது. இடைநீக்கம் வரும் என்று தெரிந்தால், அது எந்தத் தேதியிலிருந்து தொடங்கும், செமஸ்டர் முடிந்த பிறகு தொடங்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றுதான் சொல்வார்கள் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம், கேட்டதற்கு யாரும் அடிக்கப் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உதவி தொடர வேண்டுமென்றால் மதிப்பெண்ணும், எடுத்த பாடங்களில் எத்தனை முடித்தான் என்ற விகிதமும் ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது. பல கல்லூரிகளில் சி சராசரி, மூன்றில் இரண்டு பங்கு பாடம். கோர்ட்டுக்கும் வக்கீல் ஆபீஸுக்கும் அலைந்து இரண்டு பாடத்தைக் கோட்டை விட்டால் போதும், அடுத்த வருஷ உதவி அந்தக் காரணத்தால் நிற்கலாம், கஞ்சா என்ற வார்த்தையே எந்தக் கடிதத்திலும் இருக்காது. இதற்கு மேல்முறையீடு செய்ய வழி உண்டு, நிறையப் பேர் செய்வதில்லை.

அடுத்தது மாநிலம். மத்திய அரசு கைவிட்ட தடையைச் சில மாநிலங்கள் கைவிடவில்லை. டல்லாஸ், ஃபிரிஸ்கோ பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். டெக்சாஸ் மாநிலத்தின் டெக்சாஸ் கிராண்ட் உதவிக்கு, போதைப்பொருள் குற்றத்தில் தீர்ப்பாகியிருக்கக் கூடாது, அது சிறிய குற்றமாக இருந்தாலும் சரி. தண்டனையோ கண்காணிப்புக் காலமோ முடிந்து இரண்டு வருஷம் ஆன பிறகுதான் கதவு திறக்கும். அதே டெக்சாஸில் இலையாகக் கஞ்சா கொஞ்சம் வைத்திருந்தால் மிஸ்டிமீனர், அதாவது சிறிய குற்றம், ஆனால் அதிலிருந்து எடுத்த எண்ணெய் நிரப்பிய வேப் பேனா ஒன்று, உள்ளே ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும், ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது. புகை வராது, வாசனை வராது, பேனா மாதிரி இருக்கிறது, இதில் என்ன என்று நினைக்கிறார்கள். அட்லாண்டா பக்கம் என்றால், போதைப்பொருள் ஃபெலனியில் தீர்ப்பானவருக்கு ஜார்ஜியா மாநிலம் தரும் ஹோப் ஸ்காலர்ஷிப் கொஞ்ச காலம் நின்றுவிடும். ஃப்ளோரிடா மாநிலத்தின் பிரைட் ஃப்யூச்சர்ஸ் உதவித்தொகை எந்த ஃபெலனிக்கும் இடம் தருவதில்லை.

ஃபெலனி என்றால் வரிக் கணக்கிலும் அடி விழும். கல்லூரிச் செலவுக்காக வருஷத்துக்கு 2,500 டாலர் வரை கழித்துக்கொள்ளும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி சலுகை இருக்கிறதே, அந்தப் படிவம் இன்னமும் கேட்கிறது: மாணவருக்குப் போதைப்பொருள் ஃபெலனி உண்டா? ஃபாஃப்சாவிலிருந்து எடுத்ததை வரிப் படிவத்தில் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இது தவிர, தீர்ப்பு சொல்லும்போது குறிப்பிட்ட காலத்துக்கு மத்திய அரசுச் சலுகைகளை மறுக்க நீதிபதிக்கு 1988ஆம் வருஷச் சட்டம் ஒன்று அதிகாரம் தருகிறது, கல்வி உதவியும் அதில் அடக்கம். வழக்கு முடிகிற அன்று அப்படி ஏதாவது உத்தரவில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாருங்கள், நான் சொன்ன எல்லாவற்றிலும், கல்லூரியைத் தவிர, பணத்தைத் தொடுவது தீர்ப்புதான், கைது இல்லை. தீர்ப்பு எப்படி வருகிறது? சினிமாவில் வருவது மாதிரி ஜூரி உட்கார்ந்து வருவது ரொம்ப அபூர்வம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதால் வருகிறது. "முதல் தடவைதானே, அபராதம் கட்டிவிட்டுப் போகலாம்" என்பார்கள். நம்மவர்களுக்கு வெளியே தெரியாமல் முடிந்தால் போதும். அவசரப்படாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே வகுப்புகளுக்குப் போய், சோதனை கொடுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளும் திட்டம் இந்தக் கவுண்டியில் உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

கிரீன் கார்டு வீடுகளுக்கு இது இரண்டு மடங்கு. கிரீன் கார்டு பிள்ளைக்கு ஃபாஃப்சா உண்டு, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4, மாணவர் விசாவான எஃப்-1 பிள்ளைகளுக்கு மத்திய உதவியே கிடையாது, அவர்களுக்குக் கைதே விசாவைத் தொடலாம், அது தனிக் கதை. கிரீன் கார்டுக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஒரு கண்காணிப்பு போட்டு, ஆறு மாதம் கழித்து மாநிலம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டாலும், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தீர்ப்புதான். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சா, அதுவும் ஒரே ஒரு தடவை என்றால் நாடு கடத்தலிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் உள்ளே நுழைவதற்கான விதி வேறு. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் பிடித்து உட்கார வைக்கலாம்.

ஹோசே பதியா என்று ஒருவர். ஹோண்டுராஸிலிருந்து வந்து 40 வருஷத்துக்கு மேல் இங்கே சட்டபூர்வமாக வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், லாரி ஓட்டுநர். கென்டக்கியில் லாரியில் கஞ்சாவோடு பிடிபட்டார். இவ்வளவு காலம் இருந்திருக்கிறீர்கள், குடியேற்றத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார், நாடு கடத்தல் கழுத்துக்கு வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. அதனால் உங்கள் வக்கீலிடம், அவர் அரசு நியமித்த வக்கீலாக இருந்தாலும், இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். பின்னால் கேட்டால் அவரும் உங்களோடு சேர்ந்து வருத்தப்படத்தான் முடியும்.

சரி, மூன்றாவது வரி. "இவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவர் இல்லாமல் ஃபாஃப்சா போட முடியுமா?"

அம்மா, நீங்கள் இருவரும் கூட்டாக வரி தாக்கல் செய்திருந்தால் பெற்றோரில் ஒருவர் போதும். உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, வரி விவரத்தை எடுத்துக்கொள்ள நீங்களே சம்மதம் கொடுக்கலாம். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் அவரும் உள்ளே வர வேண்டும், வந்தாலும் அங்கே வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனால் ஒன்று. அந்த 1998 திருத்தத்திலேயே இன்னொரு பிரிவும் இருக்கிறது: 21 வயதுக்குக் கீழே உள்ள மாணவர் போதை விதியை மீறினால், அவர் சம்மதம் இல்லாமலே பெற்றோருக்குத் தெரிவிக்கக் கல்லூரிக்கு அனுமதி உண்டு. கட்டாயம் இல்லை, அனுமதி மட்டும்தான். கடிதம் வந்தால் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும், உங்கள் வீட்டில் தபாலை யார் எடுப்பது என்று எனக்குத் தெரியாது.