இலை உதிராத நாளிலும் ப்ளோயர்

நேயர்களுக்கு வணக்கம்.

உதிர்ந்த சருகை ஓரம் தள்ளத்தான் லீஃப் ப்ளோயர் என்ற காற்று ஊதும் கருவியை வாங்குகிறோம். இலை உதிரும் சில வாரங்கள் போனதும் அது சுவரில் ஏறிவிடுகிறது. அடுத்த பருவத்தில் எடுத்தால் அதன் மேலேயே ஒரு விரல் கனம் தூசி! கட்டடங்களையும் தோட்டங்களையும் பராமரிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இலை வாருவதைவிட மற்ற வேலைகளுக்குத்தான் நான் அதை அதிகம் எடுக்கிறேன்.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று நாம் சொல்வோம். தூற்றும்போது பதர் தூரப் போகிறது, மணி காலடியில் விழுகிறது. ப்ளோயர் செய்வதும் அதையேதான். அதனால் எந்த வேலைக்கு முன்னும் நான் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். போகவேண்டியது, இருக்கவேண்டியதைவிட லேசானதா? போவது எங்கே போய் விழும்? இரண்டாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

கார் கழுவிய கதைதான் அது. துணியால் துடைத்தால் துணியில் ஒட்டிய மணல் பெயிண்டில் மெல்லிய கீறல் போடும். காற்றால் உலர்த்தினால் எதுவும் உரசாது. பக்கக் கண்ணாடியின் கூடு, கதவுக் கைப்பிடியின் உட்புறம், சக்கர நட்டுகளின் குழி என்று துணி எட்டாத இடங்களில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். வண்டி காய்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினால், அங்கிருந்து ஒரு கோடு வழிந்து வெள்ளைக் கறை படியும். ப்ளோயர் அந்தத் தண்ணீரை அப்படியே வெளியே தள்ளிவிடும். நான் செய்த தப்பு, காய்ந்த மண் தரையில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் சக்கரத்தைப் பார்த்து ஊதியது. தரையிலிருந்த புழுதி முழுக்க எழுந்து ஈர வண்டியில் அப்பிக்கொண்டது. கழுவுவதற்கு முன்பே வண்டி சுத்தமாக இருந்தது போலத் தோன்றியது! இப்போதெல்லாம் முதலில் தரையை ஊதி, பிறகு கழுவி, கூரையில் தொடங்கிக் கீழே வருகிறேன். ப்ளோயரின் வாய் வண்டியைத் தொடாமல் ஒரு முழம் தள்ளியே இருக்கவேண்டும்.

கூரையோர மழைநீர் வடிகாலில் அடைந்த சருகு அடுத்த வேலை. இதற்கென்று வளைந்த நீட்டுக்குழாய் கிடைக்கிறது. தரையில் நின்றபடியே வடிகாலுக்குள் காற்றைச் செலுத்தலாம். சருகு காய்ந்திருந்தால்தான் பலன் உண்டு. நனைந்து மண்ணோடு மக்கிப் போனது காற்றுக்கு அசையாது, கையால்தான் வார வேண்டும். ஊதும்போது தண்ணீர்க் குழாய் கீழே இறங்கும் வாயை நோக்கித் தள்ளாதீர்கள், அடைப்பு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். ஓடும் ப்ளோயரோடு ஏணியில் ஏறவே ஏறாதீர்கள். காற்று முன்னால் போகும் வேகத்துக்குக் கருவி உங்களைப் பின்னால் தள்ளும். தரையில் அது தெரியாது, ஏணியில் தெரியும்.

புல்வெட்டும் இயந்திரத்தின் அடியில் ஒட்டிய புல், ஜன்னல் வலை, தாழ்வாரத்து ஒட்டடை, பெயிண்ட் அடிக்கும் முன் மரத்தளத்தின் இடுக்கில் தேங்கிய தூசி, இவற்றுக்கெல்லாம் ஒரு நிமிடம் போதும். பஞ்சு போன்ற புதுப் பனியும் பறக்கும், ஈரப்பனி நகராது. ஏசியின் வெளிப்பெட்டியில் மட்டும் நிதானம் வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குறைந்த வேகத்தில், எட்ட நின்று ஊதவேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே மடங்கக்கூடியவை.

சரளைக்கல் பாதையில்தான் தூற்றும் வித்தை நன்றாகத் தெரியும். துடைப்பம் போட்டால் இலையோடு கல்லும் வரும். ப்ளோயரின் வாயைத் தரைக்குக் கிட்டத்தட்டக் கிடையாகப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் இலை மட்டும் எழுந்து போகும், கல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். சாய்வைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், கல் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்வது அதற்காகத்தான்.

எதை ஊதக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எலிப் புழுக்கையை ஊதாதீர்கள், காய்ந்த புழுக்கைத் தூள் மூச்சில் போனால் நோய் வரும். பழைய ஈயப் பெயிண்ட் உதிர்ந்த தூள், ஆஸ்பெஸ்டாஸ் துகள், பூஞ்சை, இவையும் அப்படியே. அணைந்துவிட்டது என்று நாம் நினைக்கும் சாம்பலுக்குள் கங்கு உயிரோடு இருக்கும், அதற்குக் காற்று கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பெட்ரோல் ப்ளோயரை மூடிய கேரேஜுக்குள் ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

இனி சத்தம். இந்தக் கருவியின் மூதாதை, முதுகில் சுமந்து பூச்சிமருந்து தெளிக்கும் இயந்திரம். 1970-களில் கலிபோர்னியாவில் வறட்சி வந்து, நடைபாதையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது ப்ளோயர் வேகமாகப் பரவியது. அதே மாநிலத்தில் கார்மெல் என்ற சிற்றூர் 1975-லேயே அதைத் தடை செய்தது. வாஷிங்டன் நகரில் 2022 தொடக்கத்திலிருந்து பெட்ரோல் ப்ளோயருக்கு அனுமதி இல்லை. இந்த விஷயத்தில் நான் சத்தம் பிடிக்காத அக்கம்பக்கத்தார் கட்சி. பேட்டரியில் ஓடும் கருவியே பெரும்பாலான வீட்டு வேலைக்குப் போதும்.

காதுக்கு ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழில்நலத் துறையில் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபெல் என்றால் ஒரே மணி நேரம், 100 என்றால் கால் மணி. கையில் பிடித்திருப்பவரின் காதருகே பெட்ரோல் ப்ளோயர் அந்த அளவைச் சாதாரணமாக எட்டும். காதடைப்பான் இல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை.

எல்லா இலையையும் துரத்தவும் வேண்டாம். செடியடியில், வேலியோரம் கிடக்கும் சருகில் பூச்சிகளும் மண்புழுக்களும் குடியிருக்கின்றன. நடைபாதையில் இருப்பதை அங்கே தள்ளிவிட்டால் மூட்டை கட்டும் வேலையும் மிச்சம்.

வேலை முடிந்ததா? குழந்தைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு காதடைப்பான் மாட்டிவிடுங்கள். காற்றடைத்த லேசான பெரிய பந்து ஒன்று போதும். ப்ளோயரை வானம் பார்த்துப் பிடித்து, கிளம்பும் காற்றின் மேல் பந்தை வையுங்கள். கயிறில்லாமல் அந்தரத்தில் நிற்கும். விலகப் பார்க்கிற பந்தைக் காற்றோட்டமே நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு ப்ளோயரை மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள், பந்தும் கூடவே சாய்ந்து மிதக்கும். எவ்வளவு சாய்த்தால் விழும் என்று குழந்தைகளிடம் பந்தயம் கட்டுங்கள். நான் இதுவரை மூன்று முறை தோற்றிருக்கிறேன்.

வணக்கம்.