ரவுட்டர் எச்சரித்தால் முதலில் பார்க்க வேண்டியது திசை

நேயர்களுக்கு வணக்கம்.

சந்தேகத்துக்குரிய இணைப்பு என்று வீட்டு ரவுட்டர் எச்சரித்தால், பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். பல வீட்டு ரவுட்டர்களில், வந்துபோன இணைப்புகளைக் குறித்துவைக்கும் லாக் பதிவு, மின்சாரம் போனதும் அழிந்துவிடும். முதலில் அந்த லாக் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து, திசையைப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த இணைப்பு தடுக்கப்பட்டது என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போகிறவனைப் போல, தானியங்கி நிரல்கள் இணைய முகவரிகளை ராப்பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

உள்ளிருந்து வெளியே போவதுதான் விவகாரம். லாக்கில் 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால், அது உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றினுடையதாக இருக்கும். எந்தக் கருவிக்கு எந்த முகவரி தரப்பட்டது என்று காட்டும் ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலில் அதே முகவரியைத் தேடினால், பக்கத்திலேயே அந்தக் கருவியின் அடையாளமான மேக் எண் தெரியும். அதன் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன் தானாக வைத்துக்கொண்ட தற்காலிக எண். அதை வைத்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது வீட்டிலுள்ள போன்களின் வைஃபை அமைப்பைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதுதான்.

பிறகு போர்ட் எண், அதாவது இணைப்பு எந்தச் சேவைக்கானது என்று காட்டும் எண். 443 இணையப் பக்கங்களுக்கு, 123 கடிகாரத்தைச் சரிசெய்ய. இவை எல்லா வீட்டிலும் இருக்கும். கோப்புகளைப் பலரிடமிருந்து இறக்கும் டொரன்ட் ஓடினாலும் நூற்றுக்கணக்கான முகவரிகள் தெரியும். அதை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். ஆனால் ஒரு சிசிடிவி கேமரா, தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் டெல்நெட் வழிக்கான 23, 2323 போர்ட்டுகளில் முன்பின் தெரியாத முகவரிகளைத் தேடிப் போகிறதென்றால், அதற்கு அங்கே எந்த வேலையும் கிடையாது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் அப்படித்தான் நடந்துகொண்டது. ஆலையிலேயே வைத்து அனுப்பிய அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, டின் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை) நிறுவனத்தை அவற்றைக்கொண்டு தாக்கியபோது ட்விட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின.

மிராய் நினைவகத்தில் மட்டுமே தங்கும். அணைத்துப் போட்டால் போய்விடும். பலர் இதோடு விட்டுவிடுவதுதான் தவறு. பழைய பாஸ்வேர்டோடு இணையத்தில் விட்டால் சில நிமிடங்களிலேயே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் ரவுட்டரில் யுபிஎன்பியை அணைத்து, வெளியிலிருந்து உள்ளே வர வழிவிடும் போர்ட் பார்வர்டிங் பட்டியலைக் காலி செய்யுங்கள். கேமரா தானாகவே வெளிக்கதவைத் திறந்துகொள்வது யுபிஎன்பி வழியாகத்தான். இதனால் சில வீடியோ கேம் கருவிகள் தடுமாறலாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன்பின் கேமராவை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றி, அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, விருந்தினர் வைஃபையில் தனியாக இணையுங்கள். கையோடு ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியையும் பாருங்கள். நீங்களோ இணைப்பு தந்தவரோ போடாத எண் இருந்தால், ரவுட்டரையே ஆலை அமைப்புக்கு ரீசெட் செய்து, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

ஒருநாள் முழுக்க லாக்கைக் கவனியுங்கள். அதே கேமரா மறுபடி 23ஐத் தேடிப் போனால், அதன் டெல்நெட் பாஸ்வேர்ட் உள்ளேயே பதிக்கப்பட்டதாக இருக்கலாம். திரையில் நீங்கள் மாற்றுகிற பாஸ்வேர்ட் அதைத் தொடாது. அந்தக் கேமராவை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கழற்றிவிடுங்கள்.